குட்மேய்ஸ் வீட்டு நாசி லெமாக்

அன்று அந்தக் குசினியில் ஐந்து பேர் இருந்தோம். அடுப்பருகே, கரண்டியைக் கீழே வைக்க மறந்துபோய் நின்ற வீட்டுக்கார அக்கா. முதுகுக்குத் தலையணை கொடுத்து மேசையோரம் உட்கார்ந்திருந்த அவருடைய கணவர். உள்ளூர் கவுன்சிலில் இருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. அவரோடு வந்த, கையில் கோப்பு வைத்திருந்த ஓர் இளைஞர். பிறகு நான். எவன் அங்கே நின்று பதில் சொல்லியிருக்க வேண்டுமோ, அவன் இல்லை. அவன் லண்டனின் மற்றத் தொங்கலில், ரெய்னர்ஸ் லேனில், தன் வீட்டில் இருந்தான்.

அவனை எனக்குத் தெரிய வந்ததே சாப்பாட்டால்தான். நான் அப்போது ஈஸ்ட் ஹாமுக்குக் கிட்ட ஒரு பெற்றோல் செட்டில் கல்லாவில் நின்றேன். ஜெர்மனியை விட்டு லண்டனுக்கு வந்த புதிதில் மூன்று வருடம் ஒரு மலேசிய உணவகத்தில் கோப்பை கழுவியிருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ரொட்டி சானாய் சுட்டு, பருப்புக் கறியோடு டப்பாவில் கொண்டுபோவேன். ஒருநாள் பெற்றோலுக்குக் காசு கட்ட வந்தவன் கார்டை நீட்டியபடியே என் டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"அண்ணே, அது ரொட்டி சானாய்தானே? நீங்க சிலோன் ஆளு, ஒங்களுக்கு எப்படி லா தெரியும்?"

"மூண்டு வருசம் அந்தக் கோப்பையளத்தான் கழுவினனான்," என்றேன்.

பாதி ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தேன். அங்கேயே நின்று தின்றான். பின்னால் நான்கு பேர் வரிசையில் நிற்கிறார்கள், முதலாளி கமராவில் பார்த்துவிட்டுப் போன் அடிப்பாரோ என்று நான் போனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் விரலை நக்கிவிட்டு, "அண்ணே, உப்பு பத்தல," என்றான்.

அவன் மலேசியாவில், ஈப்போவில் பிறந்த தமிழன். அந்த ஊர்க்காரர் போல வாய்க்கு வாய் ஒரு 'லா' போடுவான். படிக்க வந்து, படித்து முடித்து, ஒரு வங்கியில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். என்னைவிடப் பத்து வயது குறைவு. அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் நாங்கள் இருவரும் மலேசியச் சாப்பாடு தேடிப் போகத் தொடங்கினோம். ஐந்து பவுண்டுக்குள் வயிறு நிறைய வேண்டும் என்பது எங்கள் சட்டம். சட்டம் போட்டவன் நான்தான். அவனுக்குக் காசு ஒரு கவலையே இல்லை.

ஒரு மாணவர் விடுதியின் நிலக்கீழ் அறையில் ஒரு சாப்பாட்டுக்கடை இருந்தது. தட்டில் நாமே அள்ள வேண்டும். கடைசியில் நிற்கும் அம்மா தட்டைப் பார்த்து ஒரு விலை சொல்லுவார். பில் கிடையாது. முதல்நாள் என்னிடம் மாணவர் அட்டை கேட்டுவிடுவார்களோ என்று வாசலிலேயே நின்றுவிட்டேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அட்டை எங்கிருந்து வரும்? அவன் என் முதுகில் கைவைத்துத் தள்ளினான். "நேரா நடங்க அண்ணே. ஒங்களப் பாத்தா புரொபசர் மாதிரி இருக்கு." அன்று சோறு, மாட்டிறைச்சி ரெண்டாங், கீரை எல்லாம் சேர்த்து மூன்றரைப் பவுண்ட். இன்னொரு சந்தைத் தெருவில் ஒரு சீனர் ஒற்றைத் தாச்சியோடு நின்று தட்டை நூடுல்ஸ் பிரட்டித் தருவார். புகை வாசம் ஏறிய அந்த நூடுல்ஸ் நாலு பவுண்ட். நின்றுகொண்டே சாப்பிட வேண்டும். மழை பெய்தால் தட்டிலும் பெய்யும். ஒருமுறை வெள்ளைத் துணி விரித்த உணவகம் ஒன்றுக்கும் கூட்டிப்போனான். லக்சா ஒரு கிண்ணம் பதினொரு பவுண்ட் என்று கண்டதும் மேசைக்குக் கீழே என் பர்சைத் தடவிப் பார்த்தேன். விலை மட்டும்தான் என்னால் தடங்கலில்லாமல் வாசிக்க முடியும். மற்ற ஆங்கிலம் எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் பரிசாரகர் வந்து நின்றுவிடுவார். அவன் எனக்கும் சேர்த்துச் சொல்லுவான். அதை ஒருநாளும் அவன் பெரிதாகக் காட்டியதில்லை. அதனால்தான் அவனை நம்பினேன்.

சாப்பாடு வந்ததும் ஒரு சின்னக் கமராவை எடுத்துப் படம் பிடிப்பான். ஆறிப்போகும், ஆறிப்போகும் என்று நான் முணுமுணுப்பேன். படங்களை இன்டர்நெட்டில் தன் பக்கத்தில் போடுகிறான் என்று தெரியும். ஒருமுறை அவன் வீட்டில் காட்டினான். படத்துக்குக் கீழே நிறைய எழுத்து.

"என்ன எழுதியிருக்கிறாய்?"

"சும்மா அண்ணே. சாப்பாட்டுக் கதை."

அவன் எனக்கு இத்தனை இடம் காட்டினான், நான் ஒன்றும் காட்டவில்லை என்று ஒரு குறை எனக்குள் இருந்தது. காட்டுவதற்கு என்னிடம் ஒரே ஒரு இடம்தான். அது கிழக்கு லண்டனில், குட்மேய்ஸில் ஒரு வீடு.

நான் கோப்பை கழுவிய உணவகத்தின் சமையல்காரர் என்னை அங்கே முதலில் கூட்டிப்போனார். மலேசியாவின் கிள்ளானில் இருந்து வந்த அக்கா ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குசினியில் நாசி லெமாக் செய்து விற்றார். தேங்காய்ப்பாலில் ரம்பை இலை போட்டு வேகவைத்த சோறு, இனிப்பும் உறைப்புமாய்ச் சிவந்த சம்பல், பொரித்த நெத்தலி, கச்சான் கடலை, பாதி முட்டை, இரண்டு துண்டு வெள்ளரிக்காய். வாழையிலையில் வைத்துக் கடதாசியால் மடித்த பொட்டலம் இரண்டரைப் பவுண்ட். முன்கதவைத் தட்டக் கூடாது. பின்ஒழுங்கையால் வந்து, பச்சைக் கேற்றைத் தள்ளி, சொந்தக்காரர் வீட்டுக்கு வருவதுபோல் வர வேண்டும். புதிதாக யாரும் தனியே வர முடியாது. ஏற்கெனவே வந்துபோகிற ஒருவர் கையோடு கூட்டிவர வேண்டும். கூட்டிவருகிறவர்தான் அவருக்குப் பொறுப்பு. "யாரு கூட்டியாந்தது?" என்பது அந்த வீட்டில் முதல் கேள்வி. கணவர் லொறி ஓட்டியவர். முதுகில் ஒப்பரேஷன் செய்து வேலை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமைப் பொட்டலங்கள்தான் அந்த வீட்டுக் கடனின் மாதத் தவணையைக் கட்டின. அது அங்கே வந்துபோன எல்லோருக்கும் தெரியும்.

இரண்டு வருடம் நான் யாரையும் கூட்டிப்போகவில்லை. பயம். அவனுக்காகத்தான் முதன்முதலாகக் கேட்டேன்.

அக்கா யோசித்தார். "நீங்க சொன்னா சரி தம்பி. ஆனா அவன் ஏதாச்சும் செஞ்சா நா அவன கேக்க மாட்டேன். ஒங்களத்தான் கேப்பேன்."

ரயிலில் வரும்போதே அவனிடம் சொன்னேன். "படம் எடுக்கக் கூடாது. எழுதக் கூடாது. விளங்குதோ?"

"சத்தியமா லா அண்ணே. எங்கம்மா மேல."

அன்று அவன் மூன்று பொட்டலம் தின்றான். அக்காவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. "ஈப்போ பையன், வாய் மட்டும் எட்டு ஊருக்குப் போதும்," என்று சிரித்தார். திரும்பும்போது ஒழுங்கையில் கமராவை எடுத்தான். "அம்மாவுக்கு அனுப்ப மட்டும், அண்ணே. இலைய கொஞ்சம் பிரிச்சுக் காட்டுங்க." வீட்டுக்கென்று வாங்கியிருந்த பொட்டலத்தை நான் பிரித்துக் காட்டினேன். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது. மூன்று பொட்டலம் தின்ற சந்தோசத்தில் நிற்கிறவனிடம் எப்படிச் சொல்வது என்று விட்டுவிட்டேன்.

அதற்கு அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஒழுங்கையில் தெரியாத முகங்கள். கேட்டால், "பிரெண்டு சொன்னாங்க" என்றார்கள். சோறு பத்து மணிக்கே முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். வந்தவர்களைத் திருப்பி அனுப்பினால் ஒழுங்கையில் சத்தம் வரும் என்று அக்கா கொடுத்தார். காசு வந்தது, முகத்தில் சிரிப்பு இல்லை. யார் வாய் விட்டது என்று நான் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். அவனை எண்ணவில்லை.

குசினியில் நாங்கள் ஐந்து பேரும் இருந்த அந்த ஞாயிறு நான் போனது அவனுக்காகத்தான். வீட்டுக்கு வங்கி நண்பர்கள் வருகிறார்கள், பன்னிரண்டு பொட்டலம் எடுத்துவாருங்கள், காசு பிறகு தருகிறேன் என்று போன் செய்திருந்தான். அக்கா யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. என் சொல்லுக்காகக் கொடுத்தார். பொட்டலங்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருக்கும்போது பச்சைக் கேற்றைத் தள்ளிக்கொண்டு கவுன்சில் ஆட்கள் இருவரும் வந்தார்கள்.

அவர்கள் கத்தவில்லை. அந்தப் பெண்மணி ஷூவைக் கழற்றட்டுமா என்று கேட்டார். பதிவு செய்யாமல் விற்கக் கூடாது, இன்றோடு நிறுத்த வேண்டும் என்றார். எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டதற்கு, இளைஞர் கோப்பிலிருந்து, இன்டர்நெட்டில் இருந்து அச்செடுத்த ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். பச்சைக் கேற். அதற்குக் கீழே, விரித்த வாழையிலையும் இரண்டு கைகளும். என் கைகள். மணிக்கட்டில் என் மணிக்கூடு.

அக்கா ஆங்கிலம் நன்றாக வாசிப்பார். வாசித்துக்கொண்டே போனார். தெருப் பெயர் இருந்தது, எந்த ஒழுங்கை என்றும் இருந்தது. ஓர் இடத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஒங்களப் பத்தியும் எழுதியிருக்கான்."

"என்னண்டு?"

"வேணாம் தம்பி."

"வாசியுங்கோ அக்கா."

அவர் தமிழில் சொன்னார். என் வழிகாட்டி ஒரு பெட்ரோல் பங்க் ஆள். மெனு வாசிக்கத் தெரியாது. மலிவான சாப்பாட்டை மட்டும் நாய் மாதிரி மோப்பம் பிடிப்பார்.

கணவர் தலையணையைச் சரிசெய்தார். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்கு முதலில் அந்த வரிதான் சுட்டது. வீட்டுக் கடன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்காக என்னை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

"யாரு கூட்டியாந்தது?" என்று அக்கா கேட்டார். அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"நான்தான், அக்கா."

"பொட்டலத்த எடுத்துட்டுப் போங்க. சோத்த குப்பையில போட மாட்டேன்."

பையைத் தூக்கிக்கொண்டு குட்மேய்ஸில் ரயில் ஏறி, லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் மாறி, ரெய்னர்ஸ் லேன் வரை போனேன். வழி முழுக்க என்ன கேட்க வேண்டும் என்று கோத்துக்கொண்டு போனேன். அவன் கதவைத் திறந்து, "வந்தாச்சு நம்ம நாசி லெமாக்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். பையை வாங்கியதும் பொட்டலங்கள் கைமாறி முன்அறைக்குப் போய்விட்டன. வாசலிலேயே வைத்துச் சொன்னேன்.

"அக்காவின்ர குசினியை மூடிப்போட்டாங்கள். உன்ர எழுத்தைப் பாத்துத்தான் வந்தவங்கள்."

முகம் ஒரு கணம் மாறியது. பிறகு, "அண்ணே, ப்ரீ விளம்பரம் லா அது! எவ்ளோ கூட்டம் வந்துச்சு? அவங்க ரிஜிஸ்டர் பண்ணியிருக்கணும். இதுல என் தப்பு என்ன?"

"சத்தியம் பண்ணினனி. அம்மா மேல."

"எடுத்துர்றேன் அந்தப் பக்கத்த. இப்பவே."

"என்னை நாய் எண்டு எழுதினதையும் எடுப்பியோ?"

உள்ளே யாரோ சம்பல் உறைக்கிறது என்று சிரித்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தினான். "அது ஜோக் அண்ணே. பாசத்துல எழுதினது. ஒங்களுக்கு யாரு படிச்சுக் காட்டினா?"

யார் படித்துக் காட்டினார்கள் என்பதுதான் அவனுக்குப் பெரிய கேள்வி. நான் வாசிக்க மாட்டேன் என்ற நிச்சயத்தில்தான் எழுதியிருக்கிறான். மாணவர் விடுதி வாசலில் என் முதுகில் கைவைத்துத் தள்ளிய அதே பிள்ளை.

"நாளைக்கு வந்து அக்காவிட்ட நீயே சொல்லு," என்றேன். ஓம் என்று தலையாட்டினான். வரவில்லை.

அடுத்த ஞாயிறு நான் தனியே போனேன். முன்கதவைத்தான் தட்டினேன், பின்பக்கம் போக உரிமை இல்லை என்று பட்டது. அக்கா சங்கிலியைக் கழற்றாமல் திறந்தார். வீட்டுக்குள் சமையல் வாசமே இல்லை. வீட்டை விற்கப் பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அன்றைய பொட்டலங்களுக்கான காசை நீட்டினேன்.

"ஒங்க காசு வேணாம் தம்பி. ஆர்டர் குடுத்தவன் கொண்டாரட்டும்."

"அவன் வரமாட்டான், அக்கா. நான்தானே கூட்டிவந்தனான்."

"அதுக்குத்தான் ஒங்ககிட்ட வாங்கல. வாங்கினா ஒங்க பொறுப்பு தீந்துபோயிடும்," என்று கதவைச் சாத்தினார்.

அவனுக்கு மூன்று தடவை போன் எடுத்தேன். முதல்முறை, அனுப்புகிறேன் என்றான். இரண்டாம் முறை, "இந்தச் சின்னக் காசுக்கா அண்ணே இவ்ளோ டென்ஷன்?" என்றான். மூன்றாம் முறை எடுக்கவில்லை. பன்னிரண்டு பொட்டலம், ஒன்று இரண்டரைப் பவுண்ட். அவன் அந்த அக்காவுக்குக் கொடுக்க வேண்டியது இன்றைக்கும் முப்பது பவுண்ட்.