நடக்கிறவருக்குத் தைத்த பேன்ட்

வியாழக்கிழமை காலையில் வெள்ளையன் போட்டுப் பார்த்த பேன்ட் தொடைக்கு மேலே ஏறவில்லை. சட்டை எப்படியோ தோள்வரை வந்தது. ஆனால் பொத்தானுக்கும் காஜாவுக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. திங்கட்கிழமை திருப்பத்தூரில் அவருக்கு வனக் காவலர் வேலைக்கான நடைத் தேர்வு. இரண்டையும் தைத்தவள் நான்தான்.

எழுபதுகளின் கடைசி அது. நான் படவேட்டுக்காரி. தையல் படித்துவிட்டு, மலைமேல் நெல்லிவாசல்நாட்டில் இருந்த பயிற்சி மையத்துக்கு டீச்சராகப் போயிருந்தேன். காலால் மிதிக்கிற மெஷின் மூன்று, ஒரு கட்டிங் டேபிள், ஒன்பது மலைப் பெண்கள். மதியத்துக்கு மேல் வெளி ஆர்டரும் தைத்துக் கொடுப்போம். எனக்கு இருபத்துநாலு வயது, கல்யாணம் ஆகவில்லை. அதனால் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். ஆண்களுக்கு டேப் வைக்க மாட்டேன். அளவுக்கு ஒரு பழைய உடுப்பைக் கொண்டுவந்தால் அதைப் பார்த்துத் தைத்துத் தருவேன். நல்ல பெயரோடு காலம் தள்ள இதை விட்டால் வேறு வழியில்லை என்று நினைத்திருந்தேன்.

வெள்ளையன் எப்படி வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தின வருடமே அதே தேர்வுக்குப் போயிருக்கிறார். மூட்டை சுமந்து மலை ஏறி இறங்கிப் பழகிய ஆள், நடையெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? ஆனால் மைதானத்தில் எல்லாரும் பேன்ட் சட்டையில் நிற்க, தான் மட்டும் முழங்காலுக்கு மேல் கட்டிய வேட்டியும் துண்டுமாக இருப்பதைப் பார்த்திருக்கிறார். யாரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. தானாகவே வெட்கப்பட்டு, பெயர் கொடுக்காமல் திரும்பி வந்துவிட்டார்.

"இந்த வருசம் உட்டா வயசு தாண்டிடும் டீச்சர். அவுங்கள மாதிரியே எனக்கும் தெச்சிக் குடுங்க" என்று ஒரு பொட்டலத்தை டேபிள் மேல் வைத்தார்.

உள்ளே கருநீல டெரிகாட்டன் துணி. கூடவே அளவுக்கு என்று ஒரு பெல்பாட்டம் பேன்ட்டும் சட்டையும்.

"இதான் அளவா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க, இதான் அளவு."

நான் டேபிளில் விரித்து, அளந்து, வெட்டிவிட்டேன். அது அவருடைய உடுப்பே இல்லை. எங்கள் மலைக்கு வந்துபோகும் பஸ்ஸின் கண்டக்டருடையது! அந்தக் கண்டக்டர் ஒட்டடைக்குச்சி. வெள்ளையனோ தோளிலும் தொடையிலும் இரண்டு கண்டக்டரை அடக்கிவிடுவார். அதுவரை தையல்காரர் முன்னால் நின்றே அறியாத மனிதர் அவர். 'அளவு' என்றால், இது மாதிரி வேண்டும் என்று காட்டுகிற உடுப்பு என்று நினைத்திருக்கிறார். ஊரிலேயே அழகாக உடுத்துகிறவரிடம் கெஞ்சி இரவல் வாங்கி வந்திருக்கிறார். அவர்மேல் தப்பே இல்லை. எதிரே நின்ற ஆளைக் கண்ணால் ஒருமுறை பார்த்திருந்தாலே எனக்குத் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

இப்போது வியாழக்கிழமைக்கு வருகிறேன். மூங்கில் தட்டிக்குப் பின்னாலிருந்து வெள்ளையன் மறுபடி வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். என்னிடம் படித்த பெண்கள் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். அவர் கோபப்படவில்லை. துணியை மடித்து டேபிள் மேல் வைத்தார்.

"பரவால்லீங்க டீச்சர். எனக்குக் குடுத்து வெக்கல."

அதைக் கேட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் மனைவி காசியம்மா மட்டும் வாசலில் நின்றபடி என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் டீச்சரம்மா, கழுத்துல டேப்பு தொங்குதே, அது இன்னா மாலையா? ஆளு மேல வெச்சுப் பாக்க மாட்டியா?"

"ஆம்பளைங்களுக்கு நான் வெக்கறதில்ல."

"நான் பக்கத்துலதான நிக்கறேன்? அவரு என்னா உன்னத் தூக்கிக்கினா போய்டுவாரு?"

அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் அப்போது வெடித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. ரோஷமும் வந்தது. டேப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். என் சட்டம் அன்றோடு முடிந்தது.

நின்றால் ஒரு அளவு, குந்தினால் ஒரு அளவு

எனக்குச் சொல்லிக் கொடுத்த முறைப்படி, "நேரா நில்லுங்க, கையத் தொங்க போடுங்க" என்றேன். சீட் அளவு, அதாவது பின்பக்கத்தோடு சேர்த்த சுற்றளவு, முப்பத்தாறு அங்குலம். காசியம்மா விடவில்லை.

"சாமி செல மாட்டம் நின்னுக்கினா இருக்கப்போறாரு? நடக்கப்போறாரு. குந்திப் பாக்கச் சொல்லு. மூட்ட தூக்கற மாரி கையத் தூக்கச் சொல்லு."

குந்த வைத்து அளந்தேன். அதே சீட் முப்பத்தொன்பது. கையை மேலே தூக்கி முன்னால் நீட்டச் சொன்னபோது முதுகு அளவு மூன்று அங்குலம் கூடியது. பயிற்சி மையத்தில் இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. நின்ற அளவோடு தளர்வுக்கு என்று ஏதோ ஒரு லூசு கூட்டி வெட்டுவோம், அவ்வளவுதான். அந்த லூசு எங்கே வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை ஆளின் வேலைதான் சொல்ல வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

சரி, துணிக்கு எங்கே போவது? டெரிகாட்டன் வெட்டியாகிவிட்டது. தையலுக்கு உள்ளே அரை அங்குலம்தான் விட்டிருந்தேன், பிரித்தாலும் பயனில்லை. காசியம்மா வீட்டுக்குப் போய் நாலு முழ வேட்டி இரண்டு கொண்டுவந்தாள். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த நல்ல பருத்தி. அது சட்டைக்கு ஆயிற்று. பேன்ட்டுக்கு, தலையணை உறை தைக்க நான் வாங்கி வைத்திருந்த சாம்பல் நிறப் பருத்தித் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். புதுத்துணி என்பதால் உடனே வெட்டவில்லை. தண்ணீரில் ஊறவைத்துப் பாறையில் காயப்போட்டேன். சித்திரை வெயில் ஒரு மணி நேரத்தில் காயவைத்துக் கொடுத்தது. மீட்டருக்கு மூன்று விரல் சுருங்கியிருந்தது. ஊறவைக்காமல் தைத்திருந்தால் இன்னொரு முறை மானம் போயிருக்கும்.

வெள்ளையன் முகத்தில் ஈயாடவில்லை.

"டெரிகாட்டன்தான டீச்சர் மினுமினுன்னு இருக்கும்? இது சோளக்கொல்ல பொம்ம மாட்டம் இருக்குமே."

"டெரிகாட்டன் வேர்வையக் குடிக்காதுங்க. நாலு மணி நேரம் வெயில்ல நடந்தா உடம்போட ஒட்டிக்கும், கால எடுத்து வெக்க உடாது" என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பவில்லை என்பது தெரிந்தது. அவருக்கு வெயிலைப் பற்றிக் கவலையே இல்லை. மைதானத்தில் மறுபடி தனியாகத் தெரிந்துவிடுவோமோ என்பதுதான் பயம். நடக்கிற மாதிரி தைத்தால் மட்டும் போதாது, கூட்டத்தில் கூசாமல் நிற்கிற மாதிரியும் தைக்க வேண்டும் என்று புரிந்துகொண்டேன்.

சனிக்கிழமை ட்ரயல்

வெள்ளி முழுவதும் மெஷினை விட்டு எழவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் வெள்ளையனை வரச்சொல்லி, உடுப்பைப் போட்டுக்கொண்டு அவர் ஊர்வரை போய்த் திரும்பி வரச் சொன்னேன். போக வர எட்டு மைல். கண்ணாடி முன்னால் நின்று பார்ப்பதெல்லாம் அரை ட்ரயல்தான். உடம்பு சூடாகி, வேர்த்து, துணி நனைந்த பிறகுதான் எந்தத் தையல் எங்கே கடிக்கிறது என்று தெரியும்.

திரும்பி வந்தவர் கூச்சப்பட்டுக்கொண்டு காசியம்மாவின் காதில் சொன்னார். அவள் எனக்கு உரக்கவே சொன்னாள்.

"தொடையில ஒரசுதாம். தோலு செவந்து போச்சு."

கவட்டையில் நாலு தையல் ஒன்றாகச் சேரும் இடம், கழலை மாதிரி தடித்திருந்தது. அதைப் பிரித்து, நடுவே டைமண்ட் வடிவில் ஒரு சிறிய துண்டு வைத்து இணைத்தேன். இப்போது காலை அகட்டி வைத்தாலும் துணி இழுக்காது. தொடைப் பக்கத் தையலின் பிசிறை உள்ளே மடித்துத் தட்டையாக இரட்டைத் தையல் போட்டேன். காலருக்குள் வைத்திருந்த கேன்வாஸை உருவி எடுத்தேன். விறைப்பான காலர் வெயிலில் கழுத்தை அறுக்கும். அக்குளை ஒரு அங்குலம் இறக்கி, கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலேறாதபடி முதுகில் ஒரு மடிப்பு விட்டேன். இடுப்பில் பட்டையான துணி, முன்னால் ஹூக், உள்ளே ஒரு நாடா. நடந்து நடந்து வயிறு ஒட்டிப்போகும்போது நாடாவை இழுத்துக் கட்டிக்கொள்ளலாம்.

பெல்பாட்டம் வேண்டும் என்று ஆசைப்பட்டாரே, அதையும் முழுக்க விடவில்லை. கீழே கால் பாட்டத்தில் கொஞ்சம் அகலம் கொடுத்தேன். அகலமாக இருந்தால் காற்றும் உள்ளே போகும். இந்த ஒரு விஷயத்தில் அந்தக் காலத்து ஃபேஷன் வெயிலுக்குத் தோதாகத்தான் இருந்தது. தொடையைப் பிடித்ததுதான் குற்றம்.

கடைசியாகக் கரிப்பெட்டியைச் சூடாக்கி இஸ்திரி போட்டேன். பேன்ட் முன்பக்கம் கத்தி மாதிரி மடிப்பு விழுந்தது. சட்டை வெள்ளை வெளேரென்று நின்றது. போட்டுக்கொண்டு வெளியே வந்தவர் தன்னையே குனிந்து பார்த்தார். கையைத் தூக்கிப் பார்த்தார். இரண்டு தப்படி நடந்தார். பிறகு வாசலுக்குப் போய், ரோட்டில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கொஞ்ச தூரம் விறைப்பாக நடந்து திரும்பி வந்தார்.

"ஆபீசர் மாட்டம் கீறியே" என்று சிரித்தாள் காசியம்மா. அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் அவள் முகத்தில் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை

மையத்துக்கு நூல் வாங்க வேண்டும் என்று ஒரு சாக்குச் சொல்லிவிட்டு நானும் ஞாயிற்றுக்கிழமையே அவர்களோடு கீழே இறங்கினேன். பஸ்ஸில் எங்களுக்கு டிக்கெட் கிழித்த கண்டக்டர் போட்டிருந்தது வெள்ளையனுக்காக நான் தைத்த கருநீல டெரிகாட்டன். விஷயம் கேள்விப்பட்டு அவரே ஆசையாக வாங்கிக்கொண்டாராம். அவருக்கு அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

காலை ஏழு மணிக்கு நடை தொடங்கியது. நாலு மணி நேரத்தில் இருபத்தைந்து கிலோமீட்டர். போய்விட்டு அதே இடத்துக்குத் திரும்ப வேண்டும். காசியம்மாவும் நானும் ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். பத்து மணிக்கே தார் இளகத் தொடங்கியது. பத்தரைக்கு முதல் ஆட்கள் தெரிந்தார்கள். ஒருவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தார். இன்னொருவர் பேன்ட்டின் தையல் பின்னால் விட்டுப்போய், கையால் பிடித்துக்கொண்டே வந்தார். இரண்டு பேர் தொடை உரசலில் கால்களை அகட்டி அகட்டி நடந்தார்கள். எல்லாம் மினுமினுக்கிற நல்ல துணிகள்தான்.

வெள்ளையனைக் காணவில்லை. காசியம்மா எழுந்து நின்றுவிட்டாள். டைமண்ட் துண்டு விட்டுப்போயிருக்குமோ, நாடா அறுந்திருக்குமோ என்று நான் தைத்த ஒவ்வொரு தையலையும் மனம் மறுபடி பிரித்துப் பார்த்தது. பத்தே முக்காலுக்குத் திருப்பத்தில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. முதுகு நனைந்திருந்தது, பொத்தான் ஒன்றுகூடக் கழலவில்லை. விறகுக் கட்டோடு வீட்டுக்கு வருகிறவர் மாதிரி, அவசரமில்லாமல், நிறுத்தாமல் வந்தார். கோட்டைத் தாண்டிய பிறகும் வந்த வேகத்தில் பத்தடி போய்த்தான் நின்றார்.

பெயரைக் குறித்துக்கொண்ட அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னய்யா, நீ மட்டும் இப்பத்தான் கெளம்புற மாதிரி இருக்க?"

"ஒடம்புல துணி இருக்கறதே தெரியலீங்க" என்றார் வெள்ளையன்.

என் தொழிலில் அதற்குப் பிறகு எத்தனையோ பாராட்டு வாங்கியிருக்கிறேன். அந்த வார்த்தைக்கு எதுவும் ஈடில்லை. மதியம் தேறியவர்கள் பெயரைப் படித்தார்கள். அவர் பெயர் அதில் இருந்தது. ஆடி மாதம் வேலை உத்தரவும் வந்தது.

இப்போது தைக்க வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வெயில் காலத்துக்குத் துணி எடுக்கும்போது மினுக்கைப் பார்க்காதீர்கள், கையில் கசக்கி ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குடிக்கிறதா என்று. அக்குளிலும் கவட்டையிலும் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள். இஸ்திரியில் சோம்பல் படாதீர்கள். தொளதொளவென்று இருப்பதையும் இஸ்திரிதான் மரியாதையாகக் காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வந்து நிற்பவரைப் பாருங்கள். அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேளுங்கள். கேட்ட பிறகு கத்தரியை எடுங்கள்.

அன்று பெயர் படித்து முடித்ததும் வெள்ளையன் தண்ணீர் குடிக்கப் போனார். காசியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்தாள். அவளுக்கு ஜாக்கெட் போடும் வழக்கமில்லை. எங்கள் மலையில் அப்போது பெரும்பாலான பெண்கள் போடுவதில்லை.

"சந்தையில ஒரு வாட்டி வாங்கினு வந்து போட்டேன் டீச்சரம்மா. புளி உலுக்கக் கையத் தூக்குனா கழுத்தப் புடிச்சிச்சு. கழட்டி எறிஞ்சிட்டேன். இனிமே இந்தாளோட நானும் நாலு எடம் வந்து போவணும். எனக்கு ஒண்ணு தெச்சிக் குடுக்கறியா?"

நாலு பேர் போய்வருகிற ரோட்டோரம்தான். டேப் என் பைக்குள் இருந்தது. எடுத்தேன்.

"புளி உலுக்கற மாதிரி ரெண்டு கையயும் தூக்குங்க" என்றேன்.