ஒவிதியோவின் 'அசல்' கியர் பெட்டி

ஒவிதியோவுக்கு வாய்தான் உண்மையான ஆட்டோமேட்டிக். யாரும் தொடாமலே ஓடும். "ஹவானாவுல எவன் வேணா இன்ஜினைப் பிரிப்பான். ஆட்டோமேட்டிக் கியர் பெட்டியைப் பிரிச்சு, அசல் மாறாம மாட்ட என்னை விட்டா ஆள் கெடையாது" என்று எங்கள் லுயானோ பேட்டை முழுக்கச் சொல்லித் திரிவார். பழைய அமெரிக்கக் காரில் யாராவது அந்தப் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு லாரி கியரைப் பொருத்தினால், துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி உச்சுக்கொட்டுவார்.

நான் எதிர்வீட்டுக்காரி. அவருடைய ரோஸ் நிறத் திறந்த காரின் பெட்டி போன வருடம் உயிரை விட்டது எனக்குத் தெரியும். டயர் டியூபை வெட்டி சீல் போட்டுப் பார்த்தார். எண்ணெய் ஒழுகி, தெருநாய்கள் வழுக்கி விழுந்ததுதான் மிச்சம். கடைசியில் மியாமியிலிருந்து போர்வை சுற்றிய பெரிய சாமான் ஒன்று வந்து இறங்கியது. "வாஷிங் மெஷின்" என்றார். அவர் மனைவி நெரெய்தா இன்னமும் கையால்தான் துவைக்கிறாள்.

வந்தது புதிய ரகக் கியர் பெட்டி. அதில் வரிசையே வேறு. ஸ்டியரிங்குக்கு மேலே இருக்கும் எழுத்துகளில் முள் 'N' காட்டினால் நியூட்ரல் என்று பழைய கார் ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். இப்போது அந்த இடத்தில் பின்கியர். எழுத்தை மாற்றினால் குட்டு உடைந்துவிடும், அதனால் மாற்றவில்லை. பின்கியரில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் சுவிட்சையும், 'N'-இல் ஏன் ஸ்டார்ட் ஆகவில்லை என்று எவனாவது கேட்பானே என்று ஒயரை முறுக்கி ஒழித்துக்கட்டினார். இந்தக் கூத்தெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவர் மகள் தயாமிக்குப் பதினைந்து வயது நிறைந்தது. கிரீடம் வைத்து, கவுனை விரித்து, திறந்த காரின் பின்சீட்டு முதுகில் ஏறி உட்கார்ந்து, ஹாரன் அலறக் கடற்கரைச் சாலையைச் சுற்றி வராவிட்டால் எங்கள் ஊரில் அந்த வயது வந்ததாகவே கணக்கில்லை. வேறு யாரையும் ஓட்டவிடாத ஒவிதியோவை வீடியோக்காரர் இழுத்து வாசலில் நிறுத்தினார். அப்பா கையாட்டி வழியனுப்ப வேண்டுமாம். சாவி நெரெய்தாவின் அண்ணன் பசிலியோ கைக்குப் போனது. அவர் இதே ரகக் காரை வருடக்கணக்காக வாடகைக்கு ஓட்டுபவர்.

தயாமி மேலே உட்கார்ந்திருந்தாள். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. பசிலியோ பழக்கத்தில் முள்ளை 'N'-க்குத் தள்ளினார். ஒவிதியோ அதைப் பார்த்தார், வாயைத் திறந்தார். சுற்றிலும் விருந்துக்கு வந்த மற்ற கார்ப் பட்டறைக்காரர்கள். வாயை மூடிக்கொண்டார்.

சாவியைத் திருப்பியதும் வண்டி பின்னால் பாய்ந்தது. தயாமி சீட்டுக்குள் குப்புற விழுந்தாள். வண்டிக்குப் பின்னால் நட்டிருந்த 'அசல் ஆட்டோமேட்டிக்' என்ற அவருடைய பட்டறைப் பெயர்ப்பலகை இடிபட்டு டிக்கி மேல் சாய்ந்தது.

"யோவ் மச்சான், என்னய்யா இது? நியூட்ரல்ல போட்டா பின்னால பாயுது!"

"ஒனக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லு!"

தயாமி எழுந்தாள். கிரீடம் ஒரு காதில் தொங்கியது. "அப்பா, நீங்க வாயத் தொறந்தத நான் பாத்தேன். தெரிஞ்சும் சொல்லல, இல்ல?"

அவர் பலகையை நிமிர்த்தப் போனார். பெற்ற பெண்ணைவிடவா பெரிது அந்தப் பீற்றல்!

கைப்பையிலிருந்து சிவப்பு நகப்பூச்சை எடுத்துக்கொண்டு அவள் முன்சீட்டுக்கு வந்தாள். "மாமா, கொஞ்சம் நகருங்க. அப்பா, வரிசையாச் சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

"முதல் எழுத்து 'P' சரிதான்... அடுத்தது பின்கியர்."

"கேக்கல."

"பின்கியர்!"

'N'-இன் மேல் சிவப்பாக 'R' ஏறியது. ஒவிதியோ சொல்லச் சொல்ல மற்ற எழுத்துகளும் மாறின.

"இது புதுப் பெட்டி வரிசைடா!" என்று ஒரு பட்டறைக்காரர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப என் வாஷிங் மெஷின் இதுக்குள்ளதான் சுத்துதா?" என்றாள் நெரெய்தா. சிரிக்கவில்லை.

தயாமி பூச்சை ஊதிக் காயவைத்துவிட்டு மறுபடி மேலே ஏறினாள். "இப்பப் போங்க மாமா."

வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் முன்னால் நகர்ந்தது. பெட்டியை மாட்டிய வேலை நல்ல வேலைதான், அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"அப்பா, கையாட்டுங்க!" என்றார் வீடியோக்காரர்.

ஒவிதியோ ஆட்டினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.