பத்து என்று போட்டிருந்த குழாய்

செலண்டார் பக்கத்தில் எண்ணெய் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் களைக்கு மருந்து அடிப்பது என் வேலை. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பு நின்றது. ஆனாலும் களைக்கொல்லி அளவில் நான் தவறியதில்லை. இளம்புல்லுக்கு ஒரு மூடி, முற்றிய லாலாங் புல்லுக்கு இரண்டு மூடி. லாலாங்குக்குக் குறைத்துக் கலந்தால் மறு மாதமே முளைத்துவிடும்.

சென்ற ஆண்டு என் மகளுக்கு அலோர் காஜாவில் ஒரு துணிக்கடையில் வேலை கிடைத்தது. சேர இன்னும் ஐந்து வாரம் இருந்தது. அவள் போகமாட்டேன் என்றாள். கன்னத்திலும் தாடையிலும் பரு. முகக்கவசம் இல்லாமல் வாசலுக்குக்கூட வருவதில்லை.

"கவசம் போட்டுக்கிட்டு நிக்கலாம்லா," என்றாள் மனைவி.

"கடையில போடக் கூடாதுன்னுட்டாங்கம்மா. முகம் தெரியணுமாம்."

மறுநாள் ஒரு தாளில் இரண்டு மருந்துப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதி என்னிடம் தந்தாள். பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம். "ரெண்டுல எது நல்லதுன்னு பார்மசியில கேட்டு வாங்கிட்டு வாங்கப்பா. நான் வர மாட்டேன்."

கேட்பதுதான் எனக்கு வராது. பார்மசியில் பணியில் இருந்தது ஓர் இளம்பெண். ஐம்பதை நெருங்கும் ஆள் பரு மருந்து கேட்டால் என்ன நினைப்பாள் என்று அலமாரிப் பக்கமே நின்றேன். தாளையும் பெட்டியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு இரண்டு மருந்தையும் கண்டுபிடித்தேன். பென்சாயில் குழாய்களில் எத்தனை விழுக்காடு என்று எண் போட்டிருந்தது: இரண்டரை, ஐந்து, பத்து. மகளுக்குப் பரு முற்றியிருந்தது. பத்தை எடுத்தேன். எது நல்லது என்று கேட்காததால் சாலிசிலிக் முகக்கழுவியையும் சேர்த்து வாங்கினேன்.

"ரெண்டையும் போடச் சொன்னாங்களாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"ஆமா, போடு," என்று சொல்லிவிட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தவறு.

காலையும் மாலையும் கழுவி, முகம் முழுக்கத் தடவினாள். நான்காம் நாள் தோல் சிவந்து, வாயோரம் உரிந்தது. வியர்வை பட்டாலே எரிகிறது என்றாள். சிவப்புத் தலையணை உறையில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள்.

"துணிச் சாயத்தையே எடுக்குது இது. புள்ள முகம் என்னத்துக்கு ஆவும்?" என்றாள் மனைவி.

மகள் குழாயைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். "பத்தா? யாருப்பா பத்து எடுக்கச் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் எடுத்தேன் என்று ஒப்புக்கொண்டேன்.

"நான் என்ன லாலாங்காப்பா?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேலை வேண்டாம் என்று கடைக்குச் சொல்லிவிடப் போவதாக மனைவியிடம் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை குழாயையும் முகக்கழுவியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு அதே கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை வெளியில் நின்றேன். பிறகு அந்தப் பெண்ணிடம் மலாயில் நடந்ததைச் சொன்னேன். மருந்து அடிக்கிறவன் என்பதையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"அங்கிள், பருவுக்கு ரெண்டரை பர்சன்டே போதும். பத்து போட்டா எரிச்சல்தான் கூடும், பரு சீக்கிரம் போகாது. ஒரு வாரம் ரெண்டையும் நிறுத்துங்க. மென்மையான சோப்பு, வாசனை இல்லாத ஈரப்பசை கிரீம், வெயிலுக்கு சன்ஸ்கிரீன். அது போதும். எரிச்சல் அடங்கலைன்னா கிளினிக்குக் கூட்டிட்டுப் போங்க. அடங்கினதும் ரெண்டரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மெல்லிசா தடவச் சொல்லுங்க. சாலிசிலிக் இப்ப வேண்டாம்."

"வேலைக்குச் சேர நாலு வாரந்தான் இருக்கு. அதுக்குள்ள போயிடுமா?"

"ரெண்டு மாசமாவது ஆகும் அங்கிள்."

இரண்டரைக் குழாயும் கிரீமும் வாங்கிக்கொண்டு போய், வீட்டில் இரண்டு மாதம் என்பதை மறைக்காமல் சொன்னேன். முதல் தடவை கடையில் யாரிடமும் கேட்கவில்லை என்பதையும் சொன்னேன். மகள் என் கையிலிருந்த பையைப் பார்த்தாள்.

"இந்தத் தடவையாவது கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்படி? நீங்க தோட்டத்து மண்டோர்கிட்ட லீவு கேக்கவே அம்மாவ அனுப்புற ஆளாச்சே."

என் கையிலிருந்து புதுக் குழாயை வாங்கிக்கொண்டாள்.

உரிந்த தோல் ஒரு வாரத்தில் ஆறியது. பரு மெல்லத்தான் குறைந்தது. வேலைக்குச் சேரும் நாளில் தாடையில் ஐந்தாறு இருந்தன, கன்னத்தில் கறுத்த தழும்புகள். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கடை வாசலில் இறக்கினேன். முகக்கவசத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள்.

"தெரியுதாப்பா?"

"தெரியுது. ஆனா முன்னைக்குக் கொறஞ்சிருக்கு."

"சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.