டீவித் தமிழில் ஒரு கூப்பாடு

வடக்கனந்தலில் கேபிள் டீவி நடத்துகிறேன். எங்கோ வெளிநாட்டில் இருக்கும் ஒரு பெரிய கம்பெனியின் கார்ட்டூன் சேனலை ஊர் முழுக்கக் கொடுத்தவன் நான்தான். என் மகளின் பள்ளிக்கூடப் பை, பென்சில் டப்பா, பனியன் எல்லாவற்றிலும் அந்தக் கம்பெனியின் பொம்மைதான்.

ஒருநாள் மதியம் சாப்பிடும்போது, "யாராவது என்னைக் காப்பாற்றுங்கள்" என்று குரல் கேட்டது. எங்கள் ஊரில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

"டீவி சவுண்ட கம்மி பண்ணு பாப்பா" என்றாள் என் மனைவி.

மறுபடியும் அதே குரல். எட்டிப் பார்த்தேன். டீவி ஓடவே இல்லை.

சோற்றுக் கையோடு ஓடினேன். தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள், விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள் மகள். தூக்கி வெளியே விட்டேன்.

"அப்பான்னு கூப்புடறதுக்கு இன்னா பாப்பா?"

"இப்படிக் கத்துனாதாம்பா வந்து காப்பாத்துவாங்க."