தட்டு வைத்த கை

டப்பாவைத் திறந்து பார்க்கிறார். மூடிவிடுகிறார். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி திறக்கிறார், அதற்குள் உள்ளே இருப்பது வேறு ஏதாவதாக மாறியிருக்குமோ என்பதுபோல. மாறவில்லை. காலை ஐந்து மணிக்கு அவரே வடித்த சோறு, அவரே கடைந்த பருப்பு, ஓரத்தில் அவரே வதக்கிய உருளைக்கிழங்கு. மூடியைத் திறக்கும் முன்பே உள்ளே இருப்பது தெரிந்துபோவது சமைக்கிறவர்களின் தலையெழுத்து.

“நல்லாத்தான் இருக்கோம், போ” என்று டப்பாவிடமே சொல்லிவிட்டு, முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்குகிறார் சீல் அக்கா.

அந்த மூன்று மாடி அலுவலகத்துக்குள் வருகிற எந்தக் கடிதமும் தரைத்தளத்தில் இவர் கையால் ஓர் அடி வாங்காமல் மேலே ஏற முடியாது. மைப்பெட்டியில் ஒரு ‘டக்’, காகிதத்தில் ஒரு ‘டக்’. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் மேல் மாடிக்காரர்கள் அக்கா வந்துவிட்டதைத் தெரிந்துகொள்வார்கள். வயது நாற்பத்தெட்டு. வலது கட்டைவிரல் எப்போதும் நீலம். தேதி சீலை யாரிடமும் கொடுக்க மாட்டார், கீழேயும் வைக்க மாட்டார். தண்ணீர் குடிக்கப் போனாலும் அது கையோடு போகும். “கீழ வெச்சா எவனாவது எடுத்து எதுலயாவது குத்திடுவான். அப்புறம் தேதிக்கு யாரு பதில் சொல்றது?”

இன்னொரு பிடிவாதம், பதிவேட்டில் எழுத்தின்மேல் எழுத்து எழுதக் கூடாது. தப்பாகிவிட்டால் ஒற்றைக் கோடு, பக்கத்தில் சரியானது, அதன் பக்கத்தில் சின்னக் கையெழுத்து. “அடிச்சது என்னன்னு படிக்கத் தெரியணும். கிறுக்கி மறைச்சியோ, நோட்ட மூஞ்சியில வீசுவேன்.” ஆபீசரிடமே இதைச் சொல்லியிருக்கிறார், கொஞ்சம் மரியாதையான சொற்களில்.

ஒன்பது மாதம் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்த அன்று, சீலில் பழைய தேதி அப்படியே நின்றுகொண்டிருந்தது. ரப்பர் ஒட்டிப்போய்ச் சுற்றவில்லை. கொண்டை ஊசியைக் கழற்றி, மாதங்களை ஒவ்வொன்றாக நெம்பி நகர்த்தினார். அதற்கு அரை மணி நேரம் ஆயிற்று. புது விதிப்படி, வந்த தபாலை ஒரு நாள் முழுக்கச் சன்னலோரத் தட்டில் தொடாமல் போட்டுவைக்க வேண்டும். “மனுசனுக்குப் பதினாலு நாள், கடுதாசிக்கு ஒரு நாள். அதுக்குக் கொடுத்து வெச்சிருக்கு.”

சாப்பாட்டுக்கும் விதி வந்துவிட்டது. முன்பு ஐந்து பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மூடி மாற்றிக்கொள்வார்கள். இப்போது அவரவர் மேசையில், பிளாஸ்டிக் தடுப்புக்குள், சுவரைப் பார்த்தபடி. வாத்தியார் நிறுத்திவைத்த பிள்ளைகள் மாதிரி.

“என்னக்கா, தெனமும் டப்பாவப் பாத்துப் பெருமூச்சு விடுறீங்க?” என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார் டைப்பிஸ்ட்.

“வீட்டுச் சாப்பாட்டு ஞாபகம்.”

“இது வீட்டுச் சாப்பாடு இல்லாம? ஆகாயத்துலேருந்தா விழுந்துச்சு?”

“என் கைச்சோறு எனக்கு எப்படிடீ வீட்டுச் சாப்பாடு ஆகும்? அது டியூட்டி. அஞ்சு மணிக்கே ஆரம்பிச்சிடுது.”

டைப்பிஸ்ட் மெல்லுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். அவர் வீட்டிலும் அடுப்பு அவர் கையில்தான்.

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடம் அக்கா சமைத்தார். மற்றவர்கள் எழுந்த பிறகு, ஆறினதை, பாதி நின்றுகொண்டே சாப்பிட்டார். யாரும் கொடுமைப்படுத்தவில்லை, வழக்கம் அப்படி அமைந்துவிட்டது. பிறகு தொற்று வந்து ஊரைப் பூட்டியது. அக்காவுக்கு மடிக்கணினி கொடுத்து, படமெடுத்த கடிதங்களை வீட்டிலிருந்தே பதிவு செய்யச் சொன்னார்கள். அவர் வீட்டுக்காரர் பஸ் டிரைவர். பஸ்கள் டிப்போவுக்குள் நின்றுவிட்டன, அவர் கூடத்துக்குள் நின்றுவிட்டார். மூன்றரை மணிக்கே எழுந்து பழகிய மனுஷன், போக இடமில்லாமல் வாசலுக்கும் சமையலறைக்கும் டிரிப் அடித்தார்.

ஒருநாள் அக்காவின் மீட்டிங் மதியத்தைத் தாண்டி இழுத்தது. டிரைவருக்குப் பசி. கரண்டியைக் கையில் எடுத்தார். முதல் நாள் புகை, இரண்டாம் நாள் கரி, மூன்றாம் நாள் சாப்பிடும்படி ஏதோ ஒன்று. சேதி கேட்ட மகள் கணவன் வீட்டிலிருந்து போன் போட்டாள். “அப்பாவா சமைக்கிறாரு? ஆம்புலன்ஸ் நம்பர் இருக்காம்மா?”

ஆனால் டிரைவர் விடவில்லை. அடுப்பைக் கியர் போட்டுத்தான் ஓட்டினார். “வெங்காயத்துக்கு செகண்ட் கியர் போதும். கெழங்குக்கு எடுத்ததுமே டாப்ல போனா வெளிய கருகும், உள்ள வேகாது.” சமையலறைக் கதவில் சாக்பீஸால் டைம்டேபிள் எழுதினார். பன்னிரண்டு பத்துக்கு அடுப்பு, பன்னிரண்டு ஐம்பதுக்குத் தட்டு. ஒரு நிமிடம் பிந்தியதில்லை. சரியாகப் பன்னிரண்டு ஐம்பதுக்கு மடிக்கணினிக்கு வலப்பக்கம் ஆவி பறக்க ஒரு தட்டு வந்து உட்காரும். கேமராவில் முகம் தெரியாமல் இருக்கக் குனிந்தே வருவார், குனிந்தே போவார்.

“எப்படி?” என்பார் பிறகு.

“உப்பு கம்மி” என்பார் அக்கா. இருபத்திரண்டு வருடம் தன் சமையலுக்கு ‘ம்’ தவிர ஒரு வார்த்தை வாங்காதவர், பதிலுக்கு ஏதாவது வைத்திருக்க வேண்டாமா? உப்பு சரியாகத்தான் இருந்தது. வழித்துச் சாப்பிட்ட தட்டைப் பார்த்தால் அது டிரைவருக்கும் தெரியும்.

முகம் தெரியவில்லையே தவிர, கை தெரிந்துவிட்டது. ரோமம் அடர்ந்த கை. மணிக்கட்டில் ரேடியேட்டர் கொதிநீர் பட்ட பழைய தழும்பு. மீட்டிங்கில் இருந்த பதினோரு பேரும் பார்த்தார்கள்.

“யாரும்மா அது?” என்றார் ஆபீசர்.

“சமையலுக்கு ஆள் வெச்சிருக்கேன் சார்.”

வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் டிப்போ நண்பர் ஒருவர் போனில், “என்னண்ணே, ஸ்டியரிங்க விட்டுட்டுக் கரண்டியப் புடிச்சிட்டீங்களாமே” என்று சிரித்திருந்தார். அப்போது டிரைவரின் முகம் சுருங்கிப்போனதை அக்கா பார்த்திருந்தார். மறுபடி அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்று முந்திக்கொண்டதுதான் அந்தப் பொய். ஆனால் மேசைக்குப் பின்னால் குனிந்திருந்தவர் கேட்டது வேறு. பஸ் டிரைவரைப் புருஷன் என்று சொல்ல இவளுக்கு வெட்கம்.

மீட்டிங் முடிந்து அக்கா சமையலறைக்குப் போனபோது அவர் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். “சமையக்காரனுக்கு வாரத்துல ஒரு நாள் லீவு உண்டா, மேடம்?” என்று சிரித்தார். அக்காவும் சிரித்தார். விளக்கமாக ஒன்றைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சிரித்துவிட்டால், பிறகு அதைச் சொல்ல வாய் வருவதில்லை. மறுநாளிலிருந்து தட்டு மேசையின் வலது மூலையில் வந்து நின்றது, கேமராவுக்கு எட்டாத இடத்தில். மரத்தில் விரலால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். சோறு அதே சூடு, அதே பன்னிரண்டு ஐம்பது. கை மட்டும் தெரியவில்லை. ‘மேடம்’ ஒட்டிக்கொண்டது.

எட்டு மாதம் அப்படியே ஓடிற்று. பிறகு ஒரே திங்கட்கிழமை இருவருக்கும் அழைப்பு வந்தது. அவருக்குப் பஸ், இவருக்குத் தபால்.

குறை சொல்ல அக்காவுக்கு வாய் கூசுகிறது. டிப்போவில் எல்லோரையும் கூப்பிடவில்லை. அலுவலக மூன்றாம் மாடியில் ஒரு நாற்காலி காலியாகவே இருக்கிறது, அதை யாரும் இழுத்துப்போட்டு உட்காருவதில்லை. “ஒடம்பு இருக்கு, வேல இருக்கு, அவரு ஸ்டியரிங்க புடிச்சாச்சு. இதுக்கு மேல நாக்குக்கு ருசி வேற கேக்குதா?” என்று தன்னைத்தானே அதட்டிக்கொள்கிறார். அதட்டிவிட்டு, பன்னிரண்டு ஐம்பதுக்கு மேசையின் வலது மூலையை ஒரு தரம் பார்க்கிறார்.

பொய் மட்டும் அலுவலகத்தில் நல்ல ஆரோக்கியத்தோடு உலாவியது. ஆபீசரே அதைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார்.

“அம்மா, உங்க சமையல்காரரு இப்பவும் வர்றாரா? எங்க வீட்டம்மாவுக்கும் ஆபீஸ் தொறந்தாச்சு. ரெண்டு பேரும் ஒரு வாரமா பன்னு தின்னுட்டிருக்கோம்.”

“அவரு வேற வேலைக்குப் போயிட்டாருங்க சார்.”

“என்ன வேல?”

“வண்டி ஓட்ட.”

“பாருங்கம்மா, நல்ல கைப்பக்குவம் உள்ள மனுசன வண்டி ஓட்ட வெச்சிடுச்சு இந்த வியாதி!” ஆபீசர் நிஜமாகவே வருத்தப்பட்டுக்கொண்டு படியேறினார். அடுத்த கடிதத்தில் சீல் கோணலாக விழுந்தது. பதினெட்டு வருட வேலையில் அது முதல் கோணல்.

வியாழக்கிழமை டிரைவருக்கு வார விடுமுறை. காலையில் அடுப்படிக்குப் போன அக்காவை அவர் நிலைப்படியிலேயே மறித்தார். “போம்மா. இன்னிக்கு டப்பா தனி டிரிப்புல வரும்.”

பன்னிரண்டு ஐம்பது. அக்கா சீலை மைப்பெட்டியில் வைத்து எடுத்த நேரம் போன் மணி அடித்தது. கேட்டில் இருக்கும் காவலாளி.

“அக்கா, உங்க சமையக்காரரு வந்திருக்காரு. சோறு சூடா இருக்காம், ஒடனே வரச் சொல்றாரு.”

சீலோடு ஓடினார்.

வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்பதால் டிரைவர் கேட்டுக்கு அப்பால் நின்றார். நெற்றியில் சூடு பார்த்து, பதிவேட்டில் எழுத வைத்து, கையில் கிருமிநாசினி ஊற்றியிருந்தார்கள். கையில் துணிப்பை. பன் வாங்கக் கிளம்பிய ஆபீசர் அந்தக் கையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இந்தத் தழும்பு! நீங்கதானா அது? மொத்த மீட்டிங்குக்கும் உங்க தட்டப் பாத்துதான் எச்சில் ஊறிச்சு. வண்டி ஓட்டுனாப் பரவால்ல, லீவு நாள்ல எங்க வீட்டுக்கு வந்து சமைச்சுத் தர முடியுமா?”

முகக்கவசத்துக்கு மேலே டிரைவரின் கண்கள் சிரித்தன. அது பாதிச் சிரிப்புதான் என்பது அக்காவுக்குத் தெரிந்தது.

“மேடத்தக் கேட்டுத்தான் சார் சொல்லணும்.”

எல்லோரும் மேடத்தைப் பார்த்தார்கள். மேடம் பதிவேட்டைப் பார்த்தார். பேர், நேரம், உடல் சூடு, யாரைப் பார்க்க, என்ன உறவு. கடைசி வரியில், சமையலறைக் கதவில் டைம்டேபிள் எழுதிய அதே சாய்ந்த எழுத்து. ‘என்ன உறவு’ என்ற கட்டத்தில், சமையல்காரர்.

“பேனாவக் குடு தம்பி” என்றார் காவலாளியிடம்.

ஒற்றைக் கோடு போட்டார். அடித்த சொல் படிக்கும்படியே இருந்தது. பக்கத்தில் ‘கணவர்’ என்று எழுதினார், எப்போதும் எழுதுவதைவிடக் கொஞ்சம் பெரிதாக. அதன் பக்கத்தில் சின்னக் கையெழுத்து. நோட்டை ஆபீசர் பக்கம் திருப்பினார்.

ஆபீசர் குனிந்து படித்தார். நிமிர்ந்து டிரைவரைப் பார்த்தார். பன் வாங்க வந்தது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோலத் தொண்டையைச் செருமினார்.

“சோறு ஆறுது” என்றார் டிரைவர். மேடம் என்று சொல்லவில்லை.

“இரு” என்றார் அக்கா. இடது கையால் நோட்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“அக்கா, இந்த நோட்டுல சீல் குத்துற வழக்கம் இல்லியே” என்றார் காவலாளி.

சீலில் மை இன்னும் காயவில்லை. சின்னக் கையெழுத்தின்மேல் நேராக, கோணாமல், ஒரே அடி.

டக்.