சிரிக்கச் சொன்னவங்க

ஆரையம்பதியில் மட்டக்களப்பு வாவியை யாரும் வாவி என்று சொல்வதில்லை. ஆறு என்றுதான் சொல்வார்கள். அந்த ஆற்றில் பதினைந்து வருடங்களாக இறால் பிடித்தவள் சுலோஜனா. வலையும் இல்லை, தோணியும் இல்லை. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, சேற்றைக் கையால் தடவி, அகப்படுவதை இடுப்பில் கட்டிய பைக்குள் போடுவாள். கணவன் சுதாகரன் கட்டாரில் கட்டட வேலை. ஒரே மகள் அப்போது எட்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள்.

நாலைந்து வருடத்துக்கு முன்னர், ஒரு வைகாசி மாதக் காலையில் ரதீஸ் கமராவோடு ஆற்றங்கரைக்கு வந்தான். டவுனில் கல்யாண வீடியோ எடுப்பவன்.

“மீன்பிடிக்கிற பெண்களப் பத்தி ஒரு விவரணப் படம் எடுக்கிறம் அக்கா. உங்கட கஷ்டத்த நாலு பேர் பாக்கட்டும்” என்றான்.

சுலோஜனா அரை மணி நேரம் கதைத்தாள். சேற்றுக்குள் கிடக்கும் போத்தல் துண்டுகளைப் பற்றிச் சொன்னாள். கெழுத்தி முள் ஏறினால் வரும் காய்ச்சலைப் பற்றிச் சொன்னாள். மழைக்காலத்தில் முகத்துவாரத்து மணல்மேட்டை வெட்டித் திறந்ததும் இறால் எல்லாம் கடலுக்குப் போய்விட, வெறும் பையோடு திரும்பும் நாட்களைப் பற்றியும் சொன்னாள். ரதீஸ் தலையாட்டிக் கேட்டான். அதன் பிறகு அவளைத் தண்ணீருக்குள் முங்கி எழும்பச் சொன்னான். ஒரு தடவை அல்ல, ஏழு தடவை. தலைமயிரை அவிழ்த்துவிட்டால் இயற்கையாக இருக்கும் என்றான். கடைசித் தடவை, “ஒருக்காச் சிரிங்க அக்கா” என்றான். குளிரில் பல் கிட்டிக்கொண்டிருந்தது. வேலை முடிந்தால் போதுமென்று சிரித்தாள்.

ஆவணியில் வெளிவந்தது விவரணப் படம் அல்ல, பாட்டு. கறுப்புக் கண்ணாடி போட்ட பாடகன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து வருகிறான். கொழும்பிலிருந்து கூட்டிவந்த பெண்ணொருத்தி தென்னந்தோப்பில் ஆடுகிறாள். பல்லவி வரும்போதெல்லாம் சுலோஜனா தண்ணீரிலிருந்து எழுகிறாள். முதலில் நனைந்த முதுகு, அடுத்து இடுப்பு, கடைசியில் அந்தச் சிரிப்பு. பெண்ணையும் இறாலையும் ஒன்றாக்கி, உரித்தால்தான் ருசி என்று பாடகன் பாடுகிறான். அரை மணி நேரம் அவள் கதைத்ததில் ஒரு சொல்கூட அதில் இல்லை. ஒரே கிழமையில் நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அந்த நாலு லட்சத்தில் சுதாகரனின் அறையில் இருந்த எட்டுப் பேரும் அடக்கம். வேலை முடிந்து வந்து படுத்துக் கிடந்தவர்களில் ஒருவன் பாட்டைப் போட்டான். மற்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ விசிலடித்தான். யாருடைய மனைவி என்று அவர்களுக்குத் தெரியாது. சுதாகரன் வெளியே போய் நின்று அழைப்பு எடுத்தான்.

“நான் உழைக்கிறது காணாதா உனக்கு?”

“ஐயோ, வேற படம் எண்டு சொல்லி என்ன ஏமாத்திட்டாங்க.”

“ஏமாத்தினவன் உன்னச் சிரிக்கவும் வெச்சானா?”

அதற்கு அவள் சொன்ன பதிலை அவன் கேட்கவில்லை, வைத்துவிட்டான். அதற்குப் பிறகு மகளோடு மட்டும்தான் கதைத்தான். அடுத்த வருடம் லீவில் வந்தபோது பழுகாமத்தில் தன் தாய் வீட்டில் தங்கி, மகளை மட்டும் அங்கே அழைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

ரதீஸைத் தேடிப் போனால், பாட்டை வெளிநாட்டில் ஒருவருக்கு விற்றாயிற்று, இனி அது தன் கையில் இல்லை என்றான். ஆற்றங்கரையில் ஆண்கள் அவளைக் கண்டதும் அந்தப் பல்லவியை முணுமுணுத்தார்கள். சுலோஜனா ஆற்றுக்குப் போவதை நிறுத்தினாள். டவுனில் ஊடகம் படிப்பிக்கும் ஒரு தனியார் நிலையத்தில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தாள். மயிரை இறுக்கிக் கட்டி, நீல நிறச் சட்டைக்குமேல் கழுத்துப் பட்டியில் அடையாள அட்டையைத் தொங்கவிட்ட அவளை அங்கே யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

இரண்டு வருடம் அப்படியே போனது. ஒரு நாள் மேல்மாடி விறாந்தையில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தபோது, வகுப்புக்குள்ளிருந்து அந்தப் பாட்டு கேட்டது.

எட்டிப் பார்த்தாள். சுவர் நிறையத் தன்னுடைய முதுகு. விரிவுரையாளர் வதனி அதை அப்படியே நிறுத்திவைத்து விளக்கிக்கொண்டிருந்தார்.

“கமரா இஞ்ச ஆருட கண்ணாலப் பாக்குது? ஒரு ஆம்பிளையிட கண்ணால. ஒரு முழுப் பொம்பிளைய அது காட்டல்ல. முதுகு, இடுப்பு, வாய் எண்டு துண்டு துண்டா வெட்டிக் காட்டுது. அவ உழைக்கிறவ. ஆனா உழைப்பு எங்க தெரியுது? பாட்டு வரி அவவ இறாலாக்குது, படத்த வெட்டி ஒட்டின விதம் அதுக்குச் சாட்சி சொல்லுது.”

சுலோஜனா துடைப்பதை நிறுத்தினாள். இரண்டு வருடமாகச் சொல்லத் தெரியாமல் நெஞ்சுக்குள் கிடந்ததை இந்த மிஸ் சொல்கிறாரே! கையில் இருந்த துணியிலிருந்து தண்ணீர் காலில் சொட்டிக்கொண்டிருந்ததை அவள் கவனிக்கவில்லை. ஒரே பாட்டை ஒருவர் ஏற்றுக்கொண்டு பார்க்கலாம், இன்னொருவர் எதிர்த்தும் பார்க்கலாம் என்று வதனி சொன்னதும் அவளுக்கு விளங்கியது.

முன்வரிசையில் இருந்த கம்சாயினி என்ற மாணவி கேட்டாள். “மிஸ், அந்தப் பொம்பிளைக்கு மறுகா என்ன நடந்திரிக்கும்?”

“அது நம்மட பாடத்துக்குள்ள வராது. நாம ஆளப் பாக்கல்ல, படத்தப் பாக்கிறம்.”

பின்னாலிருந்து ஒரு மாணவன் சொன்னான். “அவக்கும் விருப்பம்தானே மிஸ். இல்லாட்டி ஏன் சிரிக்கா?”

வகுப்பு சிரித்தது. சுலோஜனா துணியோடு வாசலுக்கு வந்துவிட்டாள்.

“சிரிக்கச் சொன்னவங்க” என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள். கம்சாயினி சுவரைப் பார்த்தாள், மறுபடி வாசலைப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியதைக் கண்டுதான் மற்றவர்களுக்கு விளங்கியது. வதனி அவசரமாகப் படத்தை அணைத்தார்.

அன்று பின்னேரம் வதனி அவளைத் தன் அறையில் இருத்தித் தேநீர் கொடுத்தார். கையைப் பிடித்துக்கொண்டு, “எல்லாத்தையும் சொல்லுங்க அக்கா” என்றார். போனில் பதிவு செய்தார். சுலோஜனா மூன்று பின்னேரங்கள் சொன்னாள். சுதாகரனின் அறை, விசில், பழுகாமம், எல்லாம். வதனியும் அழுதார். அது பொய் அழுகை அல்ல. பாட்டை இணையத்திலிருந்து நீக்கச் சொல்லி, அதை வாங்கியவருக்குக் கடிதம் எழுதுவதாகச் சொன்னார்; எழுதினார். பதில் வரவில்லை. ஆனால் அந்தப் பதிவை வைத்து இங்கிலிஷில் ஒரு ஆய்வுக் கட்டுரையும் எழுதினார். கொழும்பில் நடந்த மாநாட்டில் அதற்குப் பரிசு கிடைத்தது. வதனி மேடையில் நிற்கும் படத்தை நிலையம் முகநூலில் போட்டது. அவருக்குப் பின்னால் திரையில் சுலோஜனாவின் முகம். பாட்டை மறந்திருந்தவர்களும் அதைத் தேடிப் பார்த்தார்கள்.

அந்த மார்கழியில் சுதாகரன் மறுபடி லீவில் வந்திருந்தான். சுலோஜனா கம்சாயினியிடம் போனாள்.

“புள்ள, அந்தக் கட்டுரையத் தமிழ்ல சொல்லித் தா. என்னில பிழையில்ல எண்டு படிச்சவங்க எழுதியிரிக்காங்க எண்டு அவருக்கிட்டக் காட்டவேணும்.”

இருவரும் படிக்கட்டில் குந்தினார்கள். கம்சாயினி ஒவ்வொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ஆறாம் பக்கத்தில் நின்றுவிட்டாள்.

“ஏன் புள்ள நிப்பாட்டின?”

“விளங்கல்ல அக்கா.”

“விளங்கினதச் சொல்லு.”

கம்சாயினி தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். “படத்தில இருக்கிற பொம்பிளையிட சிரிப்பு, அவவக் காட்சிப்பொருளா வைக்கிறதுக்கு அவவே உடன்பட்டதக் காட்டுதாம்.”

சுலோஜனா கட்டுரையை வாங்கிக்கொண்டு நேரே வதனியின் அறைக்குப் போனாள்.

“மிஸ், சிரிக்கச் சொன்னவங்க எண்டு நான் சொன்னன்தானே.”

“ஓம் அக்கா, அத நான் விடல்லயே. அடிக்குறிப்பில போட்டிருக்கன். இஞ்ச பாருங்க.” பக்கத்தின் அடியில், எறும்பு ஊர்ந்தது போல ஒரு வரி.

“அப்ப மேல ஏன் இப்படி?”

“மேல இருக்கிறது உங்களப் பத்தியில்ல. படத்தில தெரியிற பொம்பிளையப் பத்தி.”

“அது ஆரு மிஸ்?”

வதனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆய்வு முறை அப்படித்தான் என்றார். பெயரைக்கூட மாற்றித்தான் போட்டிருப்பதாகச் சொன்னார்.

“முகத்தக் காட்டிப்போட்டுப் பேர மறைச்சு என்ன மிஸ்?”

கட்டுரையை அங்கேயே மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் வெறுங்கையோடு பழுகாமத்துக்குப் போனாள். சுதாகரன் வீட்டு வளவுக்குள் கதிரை போட்டு இருந்தான். மெலிந்திருந்தான். அவளைக் கண்டதும் எழும்பினான். உள்ளே வரச் சொல்லவில்லை.

“என்னில பிழையில்ல” என்றாள்.

“எனக்குத் தெரியும்.”

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. “தெரிஞ்சுமா?”

“நாங்க தங்கிற காம்பில அந்தப் பாட்ட இன்னும் போடுறாங்க. நான் எழும்பி வெளிய போவன். உன்னோட வந்து இருந்தா, நீ சிரிக்கக்குள்ள எல்லாம் எனக்கு அதுதான் வரும். ஏலாது சுலோ.”

“நான் இப்ப சிரிக்கிறல்ல” என்றாள். அவன் மறுபடி கதிரையில் இருந்தான். பொங்கலுக்கு முன்னரே கட்டாருக்குப் போய்விட்டான். இன்று வரை திரும்பவில்லை.

சுலோஜனா இன்னும் அதே நிலையத்தில்தான் கூட்டித் துடைக்கிறாள். மகள் உயர்தரம் படிக்கிறாள். வேலையை விட முடியாது. வதனிக்கு அங்கே பதவி உயர்ந்துவிட்டது. புதுப் பிள்ளைகள் சேரும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டைத்தான் போட்டுப் படிப்பிக்கிறார். அதற்கு முதல் நாள் மரியாதையாக வந்து, “நாளைக்கு மேல்மாடிக்கு வராதீங்க அக்கா” என்று சொல்லிவிடுவார். சுலோஜனாவும் கீழே கழிப்பறைகளைக் கழுவிக்கொண்டிருப்பாள். பாட்டு மேல்மாடித் தளத்தைத் தாண்டி இறங்கி வரும். அதை அவள் பொறுத்துக்கொள்வாள். பாட்டு முடிந்து வதனியின் விளக்கம் தொடங்கும்போதுதான் தண்ணீர்ப் பைப்பை முழுதாகத் திறந்துவிடுவாள்.