கோழி இறகுச் சோதனை

கோழி இறகு என்றால் மற்றவர்களுக்குக் காது குடைவது ஞாபகம் வரும். எனக்கு என் கல்யாணப் பந்தல் ஞாபகம் வரும். எங்கள் வீட்டுக் கோழிக் கூண்டிலிருந்துதான் அந்த இறகை எடுத்தார்கள். கழுவித் துடைத்து, மாப்பிள்ளை வீட்டாரோடு வந்திருந்த டாக்டர் கையில் கொடுத்தார்கள். நான் சொல்லவந்தது டாக்டரைப் பற்றி இல்லை, என் வீட்டுக்காரரைப் பற்றி. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி சொன்னால் அவர் மனம் நோகப்போவதில்லை.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். சுதந்திரம் வந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்குக் கெண்டைக்காலில் ஒரு வெள்ளைத் திட்டு, முழங்கைக்கு மேலே ஒன்று, முதுகில் ஒன்று. வலிக்காது, அரிக்காது, வெறுமனே நிறம் போயிருந்தது. பெண் பார்க்க வந்தபோது சேலையை இழுத்துவிட்டு, ரவிக்கைக் கையை நீளமாகத் தைத்துச் சமாளித்தாயிற்று. ஆத்தாவுக்கு அது போதவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மாதம் விரலி மஞ்சளை அரைத்து அரைத்துத் திட்டுகளின் மேல் அப்பினாள். மஞ்சள் ஏறினால் வெள்ளை மறைந்துவிடும் என்று நினைத்தாள், பாவம். என் கறுத்த தோலில் மஞ்சள் பட்டும் படாமலும் கிடந்தது. வெள்ளைத் திட்டில் மட்டும் பளிச்சென்று பிடித்துக்கொண்டது. மறைக்கப் போய், இதோ பார் என்று அடையாளம் போட்டுக் காட்டியது போல் ஆகிவிட்டது.

கல்யாணத்துக்கு முதல் நாள் நலங்கு. காலில் மஞ்சள் பூச உட்கார்ந்த நாத்தனார் சேலைக் கரையைச் சற்று ஒதுக்கினார். கை அப்படியே நின்றது. "அடி ஆத்தி! இங்கிட்டு வந்து பாருங்கம்மா" என்று தன் தாயைக் கூப்பிட்டார். அவ்வளவுதான். பாட்டு நின்றது. என் மாமியாராக வரவிருந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, "நோய்க்காரப் புள்ளைய எங்க தலையில கட்டப் பாத்தீங்களா?" என்று கத்தினார். என் அப்பா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

"டாக்டர் பாத்துச் சொல்லட்டும். பெருநோயின்னா, குஷ்டமுன்னா, இப்பவே வண்டியக் கட்டுறோம்" என்றார் மாமனார். மறைப்புக்கு ஒரு வேட்டியைக் கட்டினார்கள். டாக்டரைத் தவிர உள்ளே பெண்கள் மட்டும் என்று பேச்சு. மாமியார் விடவில்லை. "அவனும் பாக்கட்டும். நாளைக்கு வாழப்போறவன் அவன்தானே?" என்று மகனைக் கையைப் பிடித்து இழுத்துவந்து எனக்கு எதிரே உட்காரவைத்தார். அவர் உட்கார்ந்தார். அதுதான் வயிற்றெரிச்சல், வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார்.

"கண்ண மூடிக்கம்மா. எறகு பட்டா தெரியுதுன்னு சொல்லு" என்றார் டாக்டர். காலில் பட்டது. தெரியுது என்றேன். கையில் பட்டது. தெரியுது. முதுகுத் துணியை விலக்கினார்கள். இறகு படுவதற்கு முன்பே அத்தனை பேர் பார்வையும் அங்கே பட்டது எனக்குத் தெரிந்தது. ஊசி முனையால் குத்தினார். வெந்நீர் டம்ளரையும் பச்சைத் தண்ணீர் டம்ளரையும் மாற்றி மாற்றி வைத்து, "சுடுதா, குளிருதா?" என்று கேட்டார். திட்டில் வேர்த்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். சந்தையில் மாட்டைக்கூட இவ்வளவு தடவமாட்டார்கள்.

நடுவில் ஒரு எண்ணம் வந்தது. 'தெரியல' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எழுந்து போய்விடுவார்கள், நான் தப்பித்தேன். ஆனால் எனக்குப் பின்னால் தங்கச்சி இருந்தாள். பெருநோய் வீடு என்று பெயர் வந்தால் அவளை யார் கேட்டு வருவார்கள்? வேட்டிக்கு வெளியே அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. தெரியுது, தெரியுது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு பாடம் எடுப்பது போலச் சொன்னார்: "நெறம் மேல்தோல்ல இருக்குது. சுரணை நரம்பு அதுக்குக் கீழ உள்தோல்ல. இந்தப் பொண்ணுக்கு மேல நெறம் மட்டும்தான் போயிருக்கு. தொட்டா தெரியுது, சூடு தெரியுது, வேர்க்குது. இது பெருநோய் இல்ல, ஒட்டவும் ஒட்டாது. தாலியக் கட்டுங்க." எல்லாருக்கும் உயிர் வந்தது. ஆத்தா விழுந்து விழுந்து பாயசம் பரிமாறினாள். எனக்கு மட்டும் உடம்பைக் கழற்றி எங்கேயாவது போட்டுவிட்டு வந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் தாலி ஏறியது. அதற்கடுத்த காலையில் விராலிமலைப் பக்கம் அவர் ஊருக்குக் கிளம்பினோம். பஸ் படி உயரம். புதுச்சேலை தடுக்கும் என்று அவர் பின்னாலிருந்து முதுகில் கையை வைத்துத் தாங்கினார். என் வாய் தானாகச் சொன்னது: "தெரியுது."

சுட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டார். கண்டக்டர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். புதுக்கோட்டையில் இறங்கும்போதுதான், "அன்னிக்கு அந்த மறைப்புக்குள்ள உக்காராம நான் எந்திரிச்சுப் போயிருக்கணும்" என்றார். அன்றிலிருந்து கடைசிவரை, என்னைத் தொடுவதற்கு முன்னால் மெல்ல ஒரு தடவை இருமுவார். பிள்ளைகள் பிறந்து பேரன் எடுத்த பிறகும் அந்த இருமல் போகவில்லை. நல்ல மனிதர்தான். ஆனாலும் அந்த இருமலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பந்தல்தான் ஞாபகம் வந்தது.

இப்போது திட்டுகள் பரவிப் பரவி உடம்பு முழுக்க வெளுத்துவிட்டது. புதிதாகப் பார்க்கிறவர்கள், "என்ன செகப்பா இருக்கீங்க!" என்கிறார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் யாராவது தோளைத் தொட்டால், இன்றைக்கும் 'தெரியுது' என்று சொல்லிவிடுகிறேன். கேட்டவர்கள் சிரிக்கிறார்கள். கறுப்பாக இருந்த காலத்தில் நான் கூசிப்போவது ஒருவருக்கும் தெரியாது. இப்போது முகத்தில் ரத்தம் ஏறுவதை எதிரே நிற்கிறவர்கள் எல்லாரும் பார்த்துவிடுகிறார்கள்.